பதிவில் இல்லாத பெயர்

மெதுவாக நடக்கும் எதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் இணையப் பக்கம், "இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டு ஆறுதலாக வந்து சேரும் சிநேகிதி, ஆளை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு முத்திரையைத் தேடும் உத்தியோகத்தர், எல்லாரிடமும் முகத்தை நீட்டியிருக்கிறேன். என் பிழைப்பும் அதுதான். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிய நிரல்களை வேகமாக ஓடவைப்பது என் வேலை. அப்படிப்பட்டவளுடைய வீட்டு முன்னறையில் ஒரு பழைய கணினி இருந்தது. உறுமுவது மட்டும்தான் அதற்கு விரைவாக வரும். அப்பா அதன் வழியாகத்தான் கதைத்தார்.

அப்பா குருநகர்க் கடற்கரையில் தொழில் செய்தவர். கரையிலிருந்து பார்த்தால் முகம் தெரியாத தூரத்தில் வள்ளம் வரும்போதே அவருடைய குரல் வந்துவிடும். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துத்தான் ஆக வேண்டும், எடுத்த பிறகு பேச்சு வராது என்று வைத்தியர் சொன்னார். அம்மா அழுதார். நான் அழவில்லை. அன்று பின்னேரமே அலுவலகத்திலிருந்து ஒரு நல்ல ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். துக்கம் வந்தால் ஏதாவது வேலையில் இறங்கிவிடுவது என் சுபாவம்.

சத்திரசிகிச்சைக்கு முன் கிடைத்த பின்னேரங்களில் அப்பாவின் குரலைப் பதிந்தோம். மின்விசிறியின் சத்தம் விழக்கூடாது என்று அதை நிறுத்தி, ஜன்னல்களையும் சாத்திவிட்டு, வியர்வை வழிய இருவரும் இருப்போம். நான் ஒவ்வொரு சொல்லாகத் திரையில் காட்டுவேன், அவர் சொல்லுவார். ஓம், இல்லை, தண்ணி, தேத்தண்ணி, நோகுது. மீன்களின் பெயர்கள். செபத்தில் வரும் சொற்கள். நடுவில் நிறுத்தி, "ஏச்சுப் பேச்சும் பதிய வேணும் பிள்ளை. ஏசாமல் நான் என்னெண்டு உங்களோட குடும்பம் நடத்துறது?" என்றார். வகைவகையாக ஏசினார். பதிந்துகொண்டே சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் சிரிப்பைப் பதிய எனக்குத் தோன்றவில்லை.

பிறகு வீட்டாரின் பெயர்கள் வந்தன. அம்மாவின் பெயரைச் சொன்னார். என் பெயரைச் சொன்னார். அடுத்ததாகத் திரையில் அண்ணனை வீட்டில் கூப்பிடும் பெயர் வந்தது. அப்பா தண்ணீர்க் குவளையை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"அடுத்தது," என்றார்.

நான் மாற்றாமல் வைத்திருந்தேன்.

"அடுத்தது எண்டு சொன்னனான்."

மாற்றினேன். அப்பாவோடு வாதாடி வென்றவர் எங்கள் வீட்டில் இல்லை.

அண்ணன் பிரான்ஸில் இருக்கிறான். போகப்போவதை அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. முதல்நாள் பின்னேரம் இருவரும் ஒன்றாக இருந்து வலை ஏற்றியிருந்தார்கள். விடிய அப்பா கரையில் நின்று அவன் வருவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். மற்ற வள்ளங்கள் எல்லாம் போய்விட்டன. வெயில் ஏறிய பிறகுதான் அம்மா போய் விஷயத்தைச் சொன்னார். அன்றிலிருந்து அப்பா அவன் பெயரை வாயால் சொன்னதில்லை. கதைக்க வேண்டி வந்தால் அம்மாவிடம் "உன்ரை மகன்" என்பார். அவனும் தொலைபேசியில் அவரைக் கேட்டுக் கதைத்ததில்லை. அவன் போகாமல் இருந்திருந்தால் கடலில் காய்ந்துபோயிருப்பான் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன், ஆனால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

சத்திரசிகிச்சை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தார். கழுத்தின் அடியில் மூச்சு விடுவதற்கு ஒரு துவாரம், அதை மறைக்க ஒரு சிறிய துவாய். இப்போதெல்லாம் எழுதினால் தானாக வாசிக்கும் செயலிகள் கைத்தொலைபேசியிலேயே இருக்கின்றனவே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கின்றன. ஆனால் கயிறு இழுத்துக் காய்த்துப்போன அப்பாவின் விரல்கள் கண்ணாடித் திரையில் பிடிபடவில்லை. எத்தனை தரம் தொட்டாலும் அது அவரை ஆளாகவே மதிக்கவில்லை. அவருக்காக நான் ஒருமுறை தொட்டுக் கொடுத்தேன். செய்தி வாசிப்பவர் மாதிரி ஒரு இந்தியக் குரல் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றது. அப்பா தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அவருக்குக் குத்தி அழுத்தக்கூடிய விசைப்பலகை வேண்டும், தன்னுடைய குரல் வேண்டும். கொக்குவிலில் ஒரு ரியூசன் நிலையம் கழித்துவிட்ட கணினி ஒன்றைக் கேட்டு எடுத்து வந்தேன். நான் படிக்கும் காலத்திலேயே அது பழையது. அதில் என் நிரலைப் போட்டுவிட்டேன். அப்பா தட்டினால் அப்பாவின் குரல் கேட்டது. முதல் நாள் "தேத்தண்ணி" என்று அது சொன்னபோது அம்மா குசினிக்குள்ளிருந்து பழக்கதோசத்தில் "இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டு, பிறகுதான் அப்படியே நின்றார்.

பதிந்த சொல் என்றால் உடனே வந்துவிடும். "அவர் முந்தியிலும் பாக்க இப்பதான் கெதியா ஏசுறார்" என்று அம்மா முறைப்பாடு கூடச் சொன்னார். பதியாத சொல் என்றால் கதை வேறு. மற்றச் சொற்களுக்குள் இருக்கும் ஒலிகளை வெட்டியெடுத்து, எந்தத் துண்டு எந்தத் துண்டோடு பிசிறில்லாமல் சேரும் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, கணினி அதைக் கட்ட வேண்டும். என் அலுவலகக் கணினியில் அது கண் சிமிட்டும் நேர வேலை. அதனால் நான் அதைப்பற்றி யோசிக்கவே இல்லை. வீட்டுக் கணினியில் அப்பா தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். அது உறுமும். அதற்குள் கதை எங்கேயோ போய்விடும். அப்பாவின் பதில் தனியாக வந்து நடுவில் விழும். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், நானும்தான்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் எடுப்பான். எங்களுக்குப் பூசை முடிந்து மத்தியானம், அவனுக்குக் காலை. வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்து நிற்கும் நேரம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு தரம் வீடியோவில் எடுத்தான். அப்பாவின் கழுத்துத் துவாய் விலகியிருந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அப்பாவும் கண்டார். அதற்குப் பிறகு வெறும் குரல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கதைத்து முடித்துவிட்டு, யாரையும் கேட்காமல், தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அப்பா இருக்கிறார். கதை."

மறுமுனையில் யாரோ பிரெஞ்சில் கதைத்துக்கொண்டு கடந்து போனார்கள். பிறகு, "அப்பா," என்றான் அண்ணன்.

அப்பா குனிந்து, இரண்டு விரல்களால் தட்டினார். கணினி உறுமத் தொடங்கியது. நாங்கள் காத்திருந்தோம்.

"ஹலோ? அப்பா?"

உறுமல்.

"அம்மா, அவருக்குக் கதைக்க விருப்பமில்லையெண்டால் விடுங்கோ. ஏன் கரைச்சல் குடுக்கிறியள்? எனக்கு ரயில் வருது."

தொலைபேசி அடங்கியது. அம்மா அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் கணினி வேலையை முடித்தது. அப்பாவின் குரலில் அண்ணனின் வீட்டுப் பெயர் முன்னறையில் கேட்டது.

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்தப் பெயரை அந்தக் குரலில் கேட்டோம். கேட்க வேண்டியவன் கேட்கவில்லை. அம்மா உள்ளே போய்விட்டார். அப்பா திரையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தார். தொண்டை இருந்த காலத்தில் சொல்ல மறுத்த ஒரே பெயர், இப்போது அவரிடம் இருக்கும் சொற்களில் எல்லாவற்றையும்விட மெதுவான சொல். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதற்குப் பின்னாலேயே வந்தது கோபம் இல்லை, தாங்க முடியாத பரிதாபம்.

அடுத்த ஞாயிறும் அதேதான் நடந்தது, அப்பாவின் பதிந்த குரலில் பேசும் கணினி மெதுவென்று அம்மா சொன்னதைச் சாக்கு என்று நினைத்து அண்ணன் இன்னும் விரைவாக வைத்துவிட்டான். அந்தக் கிழமை கிளினிக்குக்குப் போனபோது, கழுத்தின் மற்றப் பக்கமும் கட்டி தடிப்பதாக வைத்தியர் சொன்னார். இனி வெட்ட முடியாது, நோகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஓட்டோவில் திரும்பி வரும்போது அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். இவர் போவதற்குமுன் அந்தப் பெயர் அண்ணனின் காதில் விழ வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டு வந்தேன். வேறொன்றும் எனக்கு அன்று முக்கியமாகப் படவில்லை.

எனக்குத் தெரிந்த சுலபமான வழியை முதலில் சொன்னேன். "அப்பா, அண்ணையின்ரை பேரை என்ரை ஒஃபிஸ் கொம்பியூட்டரில ஒருக்காச் செய்து கொண்டுவந்து இதில வச்சுவிடுறன். தட்டின உடனை வரும்."

அப்பா தலையை ஆட்டி மறுத்தார்.

"அப்ப அம்மா போனைக் குடுக்க முன்னமே தட்டிவிடுங்கோ. அவன் ஹலோ சொல்லேக்குள்ள சரியா வந்திடும்."

அதற்கும் மறுத்தார். ஏன் என்று கத்தினேன். அப்பா தட்டத் தொடங்கினார். அவர் தட்டி, கணினி கட்டி, அந்த வாக்கியம் வெளியே வரும்வரை நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்தேன்.

"வச்செடுத்துக் குடுக்க அது கருவாடே? அவன் கூப்பிட்டாத்தான் நான் சொல்லுறது."

இதுதான் என் அப்பா. சாகக் கிடந்தாலும் இறங்கமாட்டார். சரி, அப்படியென்றால் இந்தக் கணினியை ஓடவைத்தே காட்டுகிறேன் என்று எனக்கும் ரோசம் வந்தது.

நாங்கள் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தருவது கொம்பைலர். எவ்வளவு யோசித்து மாற்ற வேண்டும் என்று அதற்குச் சொல்லலாம். ஓ-சீரோ என்று சொன்னால் அது ஒன்றும் யோசிக்காது, எழுதியதை எழுதியபடியே மாற்றும். பிழை தேடும்போது அதுதான் வசதி என்று நாங்கள் அப்படி வைத்துக்கொள்வோம். ஓ-டூ, ஓ-த்ரீ என்று ஏற ஏற அது வீண் வேலைகளை வெட்டி, ஒழுங்கை மாற்றி, குறுக்கு வழி பிடிக்கும். அப்பாவின் நிரலை நான் ஓ-சீரோவிலேயே விட்டிருந்தேன். நல்ல கணினியில் வித்தியாசம் தெரியவில்லை. பழைய கணினிக்கு ஒவ்வொரு வீண் அடியும் பாரம்.

முதலில், எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்து, "இந்த இயந்திரத்துக்கு என்றே தைத்துத் தா" என்ற அமைப்பையும் போட்டு, அலுவலகக் கணினியில் மாற்றி எடுத்து வந்தேன். வீட்டில் அது ஒரு சொல்லும் சொல்லவில்லை, திறந்தவுடனேயே விழுந்தது. "இந்த இயந்திரம்" என்று கொம்பைலர் நினைத்தது அலுவலகக் கணினியை. அதன் புதிய புரொசெசருக்குத் தெரிந்த கட்டளைகள் எங்கள் வீட்டுக் கிழத்துக்குத் தெரியாது. தொழிலில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் நல்ல ஏச்சுக் கொடுத்திருப்பேன்.

பிறகு வேலையை வீட்டுக் கணினியிலேயே செய்தேன். அதே அமைப்பை அந்தக் கணினியில் இருந்துகொண்டு கொடுத்தால், அது தன் அளவுக்குத் தானே தைத்துக்கொள்ளும். மாற்றி முடிக்கப் பின்னேரம் முழுக்க எடுத்தது. நடுவில் கரண்ட் போய், திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். ஓ-த்ரீயில் நல்ல வேகம் வந்தது. ஓ-டூவில் இன்னும் வேகம் வந்தது. இதைச் சொன்னால் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். ஓ-த்ரீ குறுக்கு வழிகளுக்காக நிரலையே பெருக்கிவிடும், அந்தப் பழைய புரொசெசரின் கைக்கெட்டும் நினைவகமோ சின்னது. சின்னச் சட்டியில் நிறையப் போட்டுக் கிளறினால் வெளியே கொட்டும், கொட்டியதைப் பொறுக்குவதிலேயே நேரம் போகும். ஓ-டூவோடு நிறுத்தினேன்.

அப்பாவை உட்கார வைத்தேன். அவர் ஒரு வரியைத் தட்டினார். உடனே வந்தது. ஆனால் சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. ஒரே மூச்சில், ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார்.

"ஐயோ, ஏன் அவர் மூச்சு விடாமல் கதைக்கிறார்?"

கழுத்தால் மூச்சு விடும் மனிசனைப் பற்றித்தான் அம்மா அதைக் கேட்டார். அப்பாவின் கை துவாய்க்குப் போனது.

என்ன நடந்தது என்று தேடினேன். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் கணினியைக் கொஞ்சம் நிறுத்திவைக்க, அவசரத்தில் நான் ஒரு குறுக்கு வேலை செய்திருந்தேன். ஒன்றும் செய்யாமல் சும்மா எண்ணிக்கொண்டிரு என்று ஒரு வரி. ஓ-சீரோ சொன்னதைக் கேட்டு அப்பாவியாக எண்ணியது. ஓ-டூ அதைப் பார்த்து, இந்த எண்ணிக்கையால் யாருக்கும் பயனில்லை என்று முடிவு செய்து எடுத்து எறிந்துவிட்டது. கொம்பைலரில் பிழை இல்லை. இடைவெளி என்பதும் பேச்சின் ஒரு பகுதி என்று நான்தான் அதற்குச் சொல்லவில்லை.

பதிவுகளைத் திரும்பக் கேட்டேன். சொற்களுக்கு நடுவே அப்பா மூச்சு எடுக்கும் சத்தம் இருந்தது. தூசி என்று நான் வெட்டி ஒதுக்கியவை, மூல ஒலியில் பத்திரமாக இருந்தன. வெறும் நேரத்தைக் கடத்துவதற்குப் பதிலாக அந்த மூச்சுகளையே சொற்களுக்கு நடுவில் வைத்தேன். கொம்பைலரால் இதை வீண் என்று எறிய முடியாது. அப்பா கேட்டுவிட்டு, தன் நெஞ்சில் கையை வைத்தார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஞாயிறு வந்தது. அப்பா பூசைக்குப் போய் வந்து சட்டையைக் கழற்றாமல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். அம்மா நண்டுக் கறியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து நின்றார். தொலைபேசி அடித்தது. அண்ணன் அம்மாவோடு குளிரைப்பற்றியும் வேலையைப்பற்றியும் கதைத்தான். பின்னால் ரயில் நிலையத்தின் அறிவிப்புகள் கேட்டன.

"அப்பாவட்டைக் குடுக்கட்டோ?" என்றார் அம்மா.

"ஏனம்மா சும்மா..."

"ஒருக்காக் கூப்பிடு. எனக்காக."

அம்மா தொலைபேசியைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார். அண்ணன் பெருமூச்சு விட்டது கேட்டது.

"அப்பா," என்றான்.

அப்பா தட்டினார். கணினி உறுமத் தொடங்குவதற்குள் பெயர் வந்துவிட்டது.

அந்தப் பெயரின் தலை ஒரு மீனின் பெயரிலிருந்து வந்தது, நடு செபத்திலிருந்து, கடைசி அவர் பதிந்த ஏச்சுகளில் ஒன்றிலிருந்து. அது எனக்கு மட்டும் தெரியும். கேட்டவனுக்கு அது அப்பா கூப்பிட்டது. இந்த முறை நாங்கள் அவனுடைய பதிலுக்குக் காத்திருந்தோம். அவன் அழுகிறான் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அப்பா," என்றான் திரும்பவும். "ஒப்பரேசனுக்கு முன்னம் என்ரை பேரையும் பதிஞ்சு வச்சனீங்களோ?"

அம்மா என்னைப் பார்த்தார். அவருக்கு அந்தப் பின்னேரம் நடந்தது தெரியாது. ஓம் என்று சொல்லிவிட நான் வாயைத் திறந்தேன். எல்லாருக்கும் ஆறுதலாக இருக்கும், யாருக்கும் நட்டமில்லை. அப்பா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பிறகு விசைப்பலகைக்குக் குனிந்தார்.

"இல்லை," என்றது அவருடைய குரல். பிறகு ஒரு மூச்சு. "இப்பதான் சொன்னனான்."

பிரான்ஸில் ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு மூடப்போவதாக மணி அடித்தது. ரயில் புறப்பட்டுப் போனது.

அண்ணன் ஏறவில்லை.